வீட்டுப் பட்டறை: புகையும் மரமும் கழுவாத ரம்பமும்



இம்மாதம் ஆணி, திருகு, பசை ஆகியவற்றைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைக்கும்படி ஒரு கடிதம் வந்துவிட்டது. எழுதியவர் நம் நெடுநாளைய வாசகர். பணி ஓய்வு பெற்றபின் வீட்டுத் தாழ்வாரத்தில் சிறு பட்டறை அமைத்திருப்பவர். பேத்திக்குத் தேக்குப் பலகையில் படிப்பு மேசை ஒன்று செய்யத் தொடங்கினாராம்.

"மின்ரம்பம் வாங்கி ஓராண்டு கூட ஆகவில்லை. முதலில் வெண்ணெயை வெட்டுவதுபோல் அறுத்தது. இப்போதோ பலகையின் ஓரம் கருகுகிறது, புகை வருகிறது. உடல் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. பேரன் எதிர்முனையைப் பிடித்துக்கொள்வதால் ஒருவாறு சமாளிக்கிறேன். ரம்பத் தகட்டை மாற்ற வேண்டுமா, இயந்திரத்தையே மாற்ற வேண்டுமா?"

இக்கடிதத்தில் என்னைத் திடுக்கிடச் செய்தது புகையன்று; பலகையின் எதிர்முனையில் நின்ற அந்தப் பேரன். இதழ் அச்சாகும்வரை காத்திராமல் அன்றே அஞ்சல் அட்டை ஒன்று எழுதினேன். "அருள்கூர்ந்து மேசை வேலையை நிறுத்துங்கள். பையனைப் பட்டறையிலிருந்து அனுப்புங்கள். தகட்டைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள்" என்பதே அதன் சுருக்கம். அட்டையில் எழுத இடமில்லாமற்போன விளக்கங்களை இங்கே எல்லார்க்குமாக எழுதுகிறேன்.

மரம் ஏன் கருகுகிறது?

ரம்பத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பல்லின் அகலமும் தகட்டின் கனமும் ஒன்றல்ல. பல் சற்று அகலமாகவும் தகடு சற்று மெல்லியதாகவும் இருக்கும். எடுத்துக்காட்டாக, பல் 2.4 மில்லிமீட்டர், தகடு 1.6 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பல் வெட்டிய பள்ளத்தில் தகடு நுழையும்போது பக்கத்திற்கு 0.4 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளி இருக்கும்வரை தகடு மரத்தைத் தொடாமல் சுழலும்.

மரத்திலோ எண்ணெயும் பிசினும் உண்டு. அறுக்கும் சூட்டில் அவை இளகித் தூளோடு கலந்து பல்லின் பின்னாலும் தோளிலும் அப்பிக்கொள்கின்றன. ஆறியதும் அரக்குப்போல் இறுகுகின்றன. ஒட்டுப்பலகையை அறுத்தால் அதிலுள்ள பசையும் சேர்ந்துகொள்ளும். இப்படியே படிந்து படிந்து அந்த 0.4 மில்லிமீட்டர் அடைபட்டுவிட்டால், பல் வெட்ட வேண்டிய இடத்தில் தகடு உராயத் தொடங்குகிறது. உராய்வினால் சூடு மிகும்; சூட்டினால் பிசின் மேலும் இளகி மேலும் ஒட்டும். மரம் கருகுவது இதனால்தான்.

"ரம்பம் மழுங்கிவிட்டது" என்று நாம் தூக்கிப் போடும் தகடுகளில் பல உண்மையில் மழுங்கியவை அல்ல, அழுக்கேறியவை. மழுங்கலும் இருக்கலாம். ஆனால் அழுக்கைப் போக்காமல் மழுங்கலை அறிய வழியில்லை.

இதில் என்ன ஆபத்து?

என் சிறுவயதில் எங்கள் தெருவில் மூத்த தச்சர் ஒருவர் இருந்தார். மின்சாரம் அறியாத கைரம்பக் காலம் அது. விடுமுறை நாட்களில் அவர் பட்டறையில் போய் நிற்பேன். ஒருநாள் அவருடைய ரம்பத்தை எடுத்துப் பச்சை வேப்பங்கட்டையில் வைத்து முக்கி முனகித் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, அறுக்கலேன்னா கையைத் தள்ளாதே, வாளைப் பாரு" என்றார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் இருபுறமும் துடைத்துத் தந்தார். ரம்பம் ஓடியது.

கைரம்பத்தில் முரட்டுத்தனமாகத் தள்ளினால் தோள் வலிக்கும், அவ்வளவே. மின்ரம்பத்தில் கணக்கு வேறு. வீட்டுப் பட்டறைகளில் உள்ள 185 மில்லிமீட்டர் தகட்டின் சுற்றளவு ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 5,000 சுற்று சுழன்றால் ஒவ்வொரு பல்லும் மணிக்கு ஏறத்தாழ 174 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இந்த வேகத்தில் தகடு மரத்தில் சிக்கினால், கைரம்ப இயந்திரம் பின்னோக்கித் துள்ளி, பிடித்திருப்பவர் மீதே பாயும். மேசை ரம்பமாயின் பலகையைத் தூக்கி எறியும். பசையேறிய தகடு சிக்குவது எளிது. பலம் கொண்டு தள்ளுபவரின் கை, தடை சட்டென்று நீங்கும்போது எங்கே போய் விழும் என்பதை அவரே அறியார். எதிர்முனையைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு அதைத் தடுக்கவும் வழியில்லை.

ஆகவே மரம் புகைந்தால் அதை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். இன்னும் தள்ளாதீர்கள், நிறுத்துங்கள்.

கழற்றும் முறை

முதலாவது, இணைப்பை எடுத்துவிடுங்கள். விசையை அணைத்தால் போதாது. செருகியையே சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். மின்கலத்தில் ஓடும் இயந்திரமாயின் மின்கலத்தைக் கழற்றுக. நம் ஊர்களில் மின்தடை வருவது இயல்பு. வேலையின் நடுவே மின்சாரம் நின்றதும் இயந்திரத்தை அப்படியே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விசை திறந்தபடி இருந்தால், மின்சாரம் திரும்பியதும் ரம்பம் தானே சுழலத் தொடங்கலாம். தகட்டில் கை வைத்திருக்கும் வேளையில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. மின்தடை வந்தால் முதலில் செருகியைப் பிடுங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தகடு ஆறும்வரை பொறுங்கள். பிறகு தடித்த கையுறை அணிந்துகொள்ளுங்கள். இக்கையுறை நின்றுபோன தகட்டைக் கையாளுவதற்கு மட்டுமே. ஓடும் ரம்பத்தருகே கையுறை கூடாது. பல் அதைக் கவ்விக் கையையும் இழுத்துவிடும்.

மூன்றாவது, தகட்டின்மேல் இருக்கும் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரத்திலுள்ள பூட்டுப் பொத்தானை அழுத்தித் தகட்டை அசையாமல் நிறுத்தி, சாவியால் மரையைத் திருப்புங்கள். பெரும்பாலான இயந்திரங்களில், ரம்பம் சுழலும் திசையிலேயே திருப்பினால் மரை கழலும். எதிர்த் திசையில் திருப்பினால் இறுகும். அறுக்கும்போது மரை தானே தளர்ந்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. ஐயமிருந்தால் இயந்திரத்தோடு வந்த குறிப்பேட்டைப் பாருங்கள்.

கழுவும் முறை

தகடு முழுவதும் படுக்குமளவு அகன்ற பிளாஸ்டிக் தட்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். சமையலறைப் பாத்திரத்தை எடுக்க வேண்டாம். எடுத்தால் திரும்ப வைக்க வேண்டாம். கை பொறுக்கும் சூட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். சோடா இல்லையேல் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பும் ஆகும். தகட்டை அதில் மூழ்கவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். இரவு முழுவதும் ஊறவிட்டால் துருப்பிடிக்கும்.

பிறகு பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு பல்லையும் தேயுங்கள். பல்லின் பின்புறம், இரு பக்கத் தோள்கள், பற்களுக்கு இடையிலுள்ள குழி ஆகிய இடங்களில்தான் பிசின் மிகுதி. விரல் வழுக்கினாலும் பல்லின்மேல் மோதாதபடி, குழியிலிருந்து வெளிநோக்கியே தேய்க்க வேண்டும். விடாப்பிடியான இடங்களுக்குப் பித்தளைக் கம்பித் துலக்கி உதவும். தகட்டின்மேல் வண்ணப்பூச்சு இருந்தால் அதுவும் வேண்டாம். நைலான் துலக்கியே போதும். ஒருமுறையில் போகாவிட்டால் மறுமுறை ஊறவையுங்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். திருப்புளி, கத்திமுனை, உப்புத்தாள் ஆகியவற்றால் பல்லைச் சுரண்டாதீர்கள். அடுப்பில் காட்டிப் பிசினை எரிக்காதீர்கள். சூட்டில் எஃகின் பதம் கெடும், தகடு நெளியும். எரிகாரச் சோடா கலந்த கடுமையான திரவங்கள் வேண்டவே வேண்டாம். தோலைப் புண்ணாக்குவதோடு கண்ணில் தெறித்தால் பார்வையையே கெடுக்கும். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் பிசினைக் கரைக்கும் என்பது உண்மையே. ஆனால் தீப்பற்றும் பொருள்கள் என்பதை மறவாதீர்கள். அவற்றை வீட்டுக்கு வெளியே, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், துணியில் நனைத்துத் துடைக்கும் அளவுக்கு மட்டும் பயன்படுத்தலாம். அத்துணியைப் பட்டறை மூலையில் சுருட்டி எறியாமல் திறந்த வெளியில் உலர்த்துங்கள்.

கழுவியதும் நல்ல தண்ணீரில் அலசி, உடனே துணியால் ஒற்றி, பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் இருப்போர் இதில் சோம்பலாகாது. உப்புக் காற்றில் ஈரமான எஃகு விரைவில் துருவேறும். உலர்ந்தபின் தையல் இயந்திர எண்ணெயை இரண்டு சொட்டு துணியில் விட்டு மெல்லத் துடைத்துவிடுங்கள். சமையல் எண்ணெய் ஆகாது; அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். மறுபடி அறுக்குமுன் இந்த எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையேல் பலகையில் கறை படிந்து மெருகு பிடிக்காது.

கழுவியபின் பார்க்க வேண்டியவை

தகடு பளிச்சென்று ஆனபின்தான் அதன் உண்மை நிலை தெரியும். இன்று கடைகளில் கிடைக்கும் மரம் அறுக்கும் தகடுகள் பெரும்பாலும் கார்பைடு முனை பற்றவைத்தவை. நம் பட்டறைக்காரர்கள் இதை "விடியா" என்பார்கள். டங்ஸ்டன் கார்பைடால் ஆன வெட்டுமுனைகளை ஜெர்மனியின் குரூப் நிறுவனம் 1920களில் "வைரம் போன்றது" என்ற பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி அப்பெயரால் விற்கத் தொடங்கியது. பெயர் நம் ஊர்வரை வந்து நிலைத்துவிட்டது. வட்ட ரம்பம் அதைவிட மூத்தது. இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் 1777இல் பெற்ற காப்புரிமையிலேயே அது குறிக்கப்பட்டிருக்கிறது.

கார்பைடு மிகக் கடினமானது. அதனாலேயே எளிதில் சிதறக்கூடியது. ஓர் ஆணியில் மோதினாலும், சிமெந்துத் தரையில் விழுந்தாலும் முனை உடையலாம். ஆகவே தகட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். தொடங்கிய பல்லில் மைப்புள்ளி வைத்துக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. முனை உதிர்ந்த பல் ஒன்றேனும் இருந்தால் அத்தகட்டை மாட்டாதீர்கள். அதற்கு அடுத்த பல் இரட்டைச் சுமை தாங்குகிறது; அதுவும் உடைந்து தெறிக்கக்கூடும்.

பற்களின் குழியடியில் விரிசல் உண்டா என்று பாருங்கள். தகட்டில் சில மெல்லிய வெட்டுகள் இருக்கும். உள்முனையில் சிறு வட்டத் துளையோடு முடிபவை பெரும்பாலும் சூட்டில் தகடு விரிய இடங்கொடுக்கும் பொருட்டு வேண்டுமென்றே செய்தவை. அவற்றை விரிசல் என்று அஞ்ச வேண்டாம். ஒழுங்கற்ற கோடாக ஓடுவதே விரிசல். விரிசல் கண்ட தகட்டுக்கு மருந்தில்லை.

அடுத்து, தகட்டைக் கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து, நெளிந்திருக்கிறதா என்று நோக்குங்கள். பல்லின் விளிம்பு பக்கவாட்டுத் தோளைவிடச் சற்று வெளியே நிற்பதால் அந்தச் சீரான இடைவெளியைக் குறையாகக் கொள்ள வேண்டாம். தகடு தள்ளாடுகிறதா என்பதே கேள்வி.

கூர்மையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கூரான விளிம்பில் ஒளி தங்காது. மழுங்கிய விளிம்பு உருண்டிருப்பதால் அதில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். பெரும்பாலான பற்களில் அக்கோடு தெரிந்தால் சாணை வேண்டும். வெறும் எஃகுப் பல்லாயின் முக்கோண அரத்தால் நாமே தீட்டலாம். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் இழுக்க வேண்டும். கார்பைடுப் பல்லில் நம் எஃகு அரம் வழுக்கிக்கொண்டு போகும். அதை வைரத்தூள் சக்கரம் வைத்திருக்கும் சாணைக் கடையில்தான் கொடுக்க வேண்டும். கழுவிக் கொண்டுபோனால், குறையைச் சாணை பிடிப்பவரும் சரியாகக் காண்பார்.

மாட்டுவதற்கு முன்

தகடு அமரும் அச்சையும், இருபுறமும் அதை இறுக்கும் வட்ட வில்லைகளையும் துடையுங்கள். அங்கே ஒரு துளி பிசின் இருந்தாலும் தகடு கோணலாக அமர்ந்து ஆடும். தகட்டைச் சுற்றியுள்ள காப்புமூடியின் உள்ளே அடைந்த தூளைத் துலக்கியால் தள்ளுங்கள். கைரம்பத்தின் கீழ்மூடி, விரலால் தூக்கி விட்டதும் "டக்" என்று தானே மூடிக்கொள்ள வேண்டும். பிசின் ஏறினால் அது பாதியில் நிற்கும். சிலர் தொந்தரவென்று அதைக் கம்பியால் கட்டி வைக்கிறார்கள். கட்டிய மூடியோடு ரம்பத்தைத் தரையில் வைத்தால், இன்னும் சுழலும் பல் காலருகே கிடக்கும். அந்தக் கம்பியை இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

கைரம்பத்தில், தகட்டின் அம்பும் மூடியின் அம்பும் ஒரே திசை நோக்க வேண்டும். முன்புறப் பற்கள் மேல்நோக்கி அறுக்கும். ஆகவே பலகையின் நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுத்தால் பிசிர் அடியில் எழாது. மேசை ரம்பத்தில் மேலே தெரியும் பற்கள் உங்களை நோக்க வேண்டும். நல்ல முகம் மேலே இருக்கட்டும். தகட்டில் பொறித்துள்ள உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கல் அறுக்கும் சிறு இயந்திரம் நிமிடத்திற்குப் பன்னீராயிரம் சுற்றுக்குக் குறையாமல் சுழல்வதுண்டு. அதில் பல்லுள்ள மரத்தகட்டை மாட்டி அறுக்கும் பழக்கத்தை நான் ஒருவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

மாட்டியதும், தகட்டின் நேர்க்கோட்டில் எவரும் நில்லாதபடி பார்த்து, ஒரு நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். நடுக்கமோ புது ஒலியோ இருந்தால் நிறுத்திச் சோதியுங்கள்.

அழுக்கும் மழுங்கலும் குறைய

நீள்வாட்டில் அறுக்கக் குறைந்த பற்களும், குறுக்கே அறுக்கவும் ஒட்டுப்பலகைக்கும் மிகுந்த பற்களும் ஏற்றவை. 10 அங்குலத் தகட்டில் நீள்வாட்டுக்கு 24, பொது வேலைக்கு 40, நுண்வேலைக்கு 60 முதல் 80 பற்கள் என்பது நடைமுறை. பல பற்களுள்ள தகட்டால் கனமான மரத்தை நீள்வாட்டில் அறுத்தால், தூள் வெளியேற இடமின்றிச் சூடேறிப் பிசின் பிடிக்கும். தேக்கில் எண்ணெயோடு மணல் வகைப் பொருளான சிலிக்காவும் உண்டு. அது பல்லை விரைவில் மழுக்கும். பழைய வீட்டு நிலை, கதவு, உத்தரம் ஆகியவற்றை அறுக்குமுன் காந்தத்தை மேலே ஓட்டி இரும்பாணிகளைத் தேடுங்கள். சுண்ணாம்பையும் மண்ணையும் கம்பித் துலக்கியால் அகற்றுங்கள். உலராத மரத்தை அறுத்தால் அன்றைக்கே தகட்டைக் கழுவுங்கள்.

தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், மரமுளைகளில் தனித்தனியே தொங்கவிடுங்கள். அல்லது இடையே அட்டை வையுங்கள். அறுக்கும்போது கண்ணாடியும் மூக்குக் கவசமும் அணியுங்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தி அறிவித்திருக்கிறது. தாழ்வாரத்துத் தூள் அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் பறந்து செல்லும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வந்த பதில்

கடிதம் எழுதிய அன்பர் மூன்று வாரம் கழித்து மறுமொழி எழுதினார். தகட்டைக் கழுவினாராம், தண்ணீர் தேநீர் நிறமாயிற்றாம். பிசின் நீங்கியதும் அடுத்தடுத்த இரண்டு பற்களில் முனை இல்லாதது தெரிந்ததாம். எப்போது உடைந்ததென்று அவருக்குத் தெரியவில்லை. அழுக்கு மூடியிருந்தமையால் அதனோடேயே அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார், பேரன் எதிரே நிற்க.

"புதுத் தகடு வாங்கினேன். பலகை முனைக்கு இரண்டு மரத்தாங்கிகள் செய்து வைத்துவிட்டேன். இனி யாரும் பிடிக்க வேண்டியதில்லை. பையன் மாதம் இருமுறை தகட்டைத் துலக்கித் தருவது என்று ஏற்பாடு. பற்களை அவன்தான் எண்ணுகிறான், என்னைவிட அவன் கண் கூர்மை" என்று முடித்திருந்தார். மேசையும் முடிந்துவிட்டதாம், ஓரத்தில் கருகல் இல்லையாம்.

வாசகர்களே, இதைப் படித்து முடித்ததும் உங்கள் ரம்பத்தின் செருகியைப் பிடுங்கிவிட்டு, தகட்டை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு குவளைச் சுடுநீரும் ஒரு பழைய பல்துலக்கியும் இல்லாத வீடு இல்லை.

தள்ளிவைத்த ஆணியும் திருகும் பசையும் அடுத்த இதழில்.